ஆடு சிலுப்பினால்தான் அயர்லாந்து

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. சேந்தமங்கலம் போயி மூக்குல குச்சி விட்டுட்டு வரணும்.

அவ்வளவுதான். போறதுக்கு ஜீப்பு, வாரதுக்கு ஜீப்பு, நடுவுல ஒரு தும்மல். இதுல என்ன பெருசா தப்பு நடந்துரப் போகுதுன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க அப்புச்சி கதை சொல்லும்போது நாங்க 'ஊம்' கொட்டிக்கிட்டே இருக்கணும். கொட்டலைன்னா கதையில வர்ற ராஜா குதிரை மேல ஒரு கால், தரையில ஒரு காலோட அப்படியே நின்னுக்குவாரு. அதனால நீங்களும் அப்பப்ப ஒரு 'ஊம்' போட்டுக்கங்க. பாவம், இதுல நிக்கப்போறது ராஜா இல்லை. நானு.

நான் கொல்லிமலைக்காரன். திண்ணனூர் நாட்டுல, தார் ரோடு முடிஞ்சு 'இனி உன் பாடு'ன்னு விட்டுட்டுப் போற இடத்துல எங்க ஊரு. நர்ஸிங் படிச்சவன். என் குரல் கொஞ்சம் சன்னம். கொஞ்சம்னா, பஸ்ல 'இறங்கணுங்க'ன்னு சொல்லிட்டு, அடுத்த ஊர்ல இறங்கி நடந்து வர்ற அளவுக்குச் சன்னம்.

அந்தக் குரலை வச்சுக்கிட்டும் எப்படியோ இன்டர்வியூல பேசி, அயர்லாந்துல ஒரு முதியோர் இல்லத்துல வேலை வாங்கிட்டேன். வாங்கின கையோட கொரோனா வந்துருச்சு. தேதி தள்ளிப் போச்சு. மறுபடியும் தள்ளிப் போச்சு. அப்பறம் அவங்களே எழுதிட்டாங்க. 'அன்புடையீர், உங்கள் சூழ்நிலை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இந்த விமானத்திலும் வர இயலாவிட்டால் வேறொருவரை நியமிக்க வேண்டியிருக்கும்.'

திட்டி எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மரியாதையா எழுதினாத்தான் எனக்குப் பயம்.

அயர்லாந்து சரின்னு சொல்லிருச்சு. டெல்லி சரின்னு சொல்லிருச்சு. ஏரோப்ளேன்காரங்களும் சரின்னுட்டாங்க. பாக்கி இருந்தது மலையிலேர்ந்து சென்னை போக ஒரு ஈ-பாஸ். அதாவது, ஏழு கடல் தாண்ட உத்தரவு இருக்குது. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி தாண்டத்தான் இல்லை.

ஈ-பாஸ் போன்லயே போட்டுக்கலாம்னாங்க. எங்க ஊர்ல சிக்னல் ஒரே ஒரு பாறை மேலதான் கெடைக்கும். ஏறினேன். ஏற்கெனவே பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஆன்லைன் கிளாஸுக்கு உக்காந்திருந்துச்சுக.

"அண்ணா, குனிஞ்சுக்கங்க! மிஸ்ஸுக்கு நீங்கதான் தெரியறீங்க!"

குனிஞ்சுக்கிட்டே போட்டேன். எதுக்காகப் போறீங்கன்னு கேட்டுச்சு. கல்யாணமா? சாவா? வைத்தியமா? வெளியூர்ல மாட்டிக்கிட்டு சொந்த ஊருக்குத் திரும்பறவரா?

நான் சொந்த ஊர்ல மாட்டிக்கிட்டு வெளியூருக்குப் போறவன். அப்படி ஒருத்தன் இருப்பான்னு அதைச் செஞ்சவங்களுக்குத் தோணவே இல்லை.

நேரா எங்க வி.ஏ.ஓ. மேடத்தைப் போயிப் பாத்தேன். ஸ்டெல்லா மேடம். தூத்துக்குடிப் பக்கத்துலேர்ந்து மலைக்கு மாத்தலாகி வந்தவங்க. கடல் காத்துல வளர்ந்தவங்களுக்கு எங்க குளிர் ஒத்துக்காது. வருசம் பூரா ஒரு மெரூன் ஸ்வெட்டர்லயேதான் இருப்பாங்க.

"அயர்லாந்தா? அங்கன எப்படிப்பா இருக்கும்?"

"எந்நேரமும் மழைங்க மேடம். குளிருங்க. மலைங்க. எங்க பாத்தாலும் பச்சைப் புல்லுங்க. ஆடு நெறைய இருக்குமாங்க."

மேடம் ஜன்னல் வழியா வெளிய பாத்தாங்க. மழை. குளிர். மலை. பச்சைப் புல். ரெண்டு ஆடு.

"இதுக்கு எதுக்குப்பா ஏரோப்ளேன்?"

சம்பளத்தைச் சொல்லியிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு.

"சரி, நீ போயி டெஸ்ட் எடுத்துட்டு வா. நான் மேல பேசி வைக்கேன், நெகட்டிவ்னு வந்தா நானே பாஸு வாங்கித் தாரேன்"னு சொல்லி அனுப்பினாங்க.

அந்த டெஸ்ட்டுக்குத்தான் அன்னைக்குக் கெளம்பினேன். இப்ப ஒரு 'ஊம்' போடுங்க.

ஜீப்பு நிக்கிறது எங்க மாரியம்மன் கோயில் முன்னாடி. போனா, அங்க ஊரே நிக்குது. அதுவும் தள்ளித் தள்ளி நிக்குது. மூஞ்சில துண்டு, கைக்குட்டை, ஒருத்தர் குழந்தையோட ஜட்டி. மேளம் அடிக்குது. கொம்பு ஊதறாங்க. விசாரிச்சா, பக்கத்து ஊர்ல ஒருத்தருக்குக் கொரோனா வந்துருச்சாம். எங்க ஊர்க்கவுண்டர் பெரியப்பா விடியால எந்திரிச்சதும் முடிவு பண்ணிட்டாரு. அம்மனுக்குக் காப்புக் கட்டிரணும். ஊட்டுக்கு ஒரு ஆம்பளைக் கை.

"அடுத்த ஊடு!"ன்னு பெரியப்பா சத்தம் போட்டாரு.

எங்க ஊடு.

நியாயமா எங்கப்பா கைதான் அங்க இருந்திருக்கணும். அவரு இல்லை. எங்கப்பா மெளகும் மரவள்ளியும் கீழ கொண்டு போயி விக்கிறவரு. காலைல போனா அன்னைக்கு ராத்திரி ஊடு வந்து சேந்ததா சரித்திரமே இல்லை. காளப்பநாயக்கன்பட்டில அவருக்கு ஒரு சீட்டாட்டக் கூட்டம் இருக்குது. மறுநாள் வந்து, "ஜீப்பு கெடைக்கலை சாந்தி"ம்பாரு. கல்யாணம் ஆன மறு வாரத்துலேர்ந்து எங்கம்மா இதைக் கேட்டுட்டு இருக்காங்க. நாடே ஊட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தப்பக்கூட எங்கப்பா 'அத்தியாவசியப் பொருள்'னு வண்டில ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுப் போயிட்டாரு. உள்ள இருந்த ஒரே அத்தியாவசியம் அவருதான்.

"அவரு இல்லைன்னா என்ன, பையன் நிக்கறானே! வா சாமி, கையை நீட்டு"ன்னாரு பூசாரி மாமா.

திருநீறு குடுக்கப் போறாருன்னு நீட்டினேன். ஒரு கெட்ட காரியத்துக்குப் போறமே, மூக்குக்கு ஒரு தெம்பா இருக்கட்டும்னு நினைச்சேன்.

அவரு மஞ்சக் கயிறைச் சுத்தி, மஞ்சக் கெழங்கைச் சேத்து, மூணு முடிச்சுப் போட்டுட்டாரு.

"மாமா, இல்லீங்க, நான் வந்துங்க..."

மேளம்.

"மாமா, எனக்கு ப்ளைட்டு இருக்குதுங்க!"

கொம்பு.

நான் பேசினது எனக்கே கேக்கலை. பெரியப்பா என் தோளைத் தட்டி, "நல்ல பையன், எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான்"னு ஊருக்கே சொன்னாரு.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். காப்புக் கட்டின கை, பொழுது விழறதுக்குள்ள ஊர் எல்லைக்குள்ள வந்துரணும். வெளிய ராத்தங்கக் கூடாது. திருவிழா முடிஞ்சு, அம்மன் முன்னாடிதான் அவுக்கணும். நானா அவுத்தா ஊருக்கே ஆகாது.

'சரி, சீக்கிரம் திருவிழாவை முடிச்சுட்டு அவுத்துருவாங்க, பதறாதே'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஜீப்புல ஏறினேன். ஓட்டறது செல்வண்ணன். சித்தப்பா மகன். மொத கொண்டை ஊசி வளைவுல என் கையைப் பாத்தாரு.

"அட, உனக்கும் கட்டிட்டாங்களா? நீதான் வெளிநாடு போறயே!"

"திருவிழா முடிஞ்சதும் அவுத்துருவாங்கண்ணா."

"அதுவுஞ் செரிதான். திருவிழா எப்ப?"

"தெரியலீங்கண்ணா."

ரெண்டாவது வளைவும் போச்சு. மூணாவது வளைவுல செல்வண்ணன் பிரேக்கை மிதிச்சாரு.

"ஏங் கண்ணு, கூட்டம் கூடக்கூடாதுன்னு திருவிழாவுக்குத் தடை போட்டிருக்குதே!"

நான் மஞ்சக் கயித்தைப் பாத்தேன்.

"அப்ப காப்பை எப்பண்ணா அவுப்பாங்க?"

"திருவிழா முடிஞ்சா."

"திருவிழா எப்ப நடக்கும்?"

"தடையை எடுத்தா."

"தடையை எப்ப எடுப்பாங்க?"

"கொரோனா போனா."

"கொரோனா எப்பண்ணா போகும்?"

"அதுக்குத்தான சாமி காப்பே கட்டியிருக்குது!"

இந்தப் பதில்ல அவருக்கே ஒரு திருப்தி. கியரைப் போட்டு, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மலையை இறங்கினாரு.

சேந்தமங்கலத்துல மூக்குல குச்சி விட்டாங்க. எனக்குக் கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துச்சு.

"இவ்வளவுமா வலிக்குது?"ன்னு டெஸ்ட் எடுத்த அக்கா கேட்டாங்க.

"குச்சி வலிக்கலைங்க."

பொழுதோட ஊடு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா கேப்பங்களி கிண்டிக்கிட்டு இருந்தாங்க. கிண்டறதை நிறுத்தலை.

"பேசாம அறுத்துட்டுப் போயிரட்டுங்களாம்மா?"

"போ. நீ ஏரோப்ளேன்ல போயிருவ. நாளைக்கு ஊருக்குள்ள ஒரு கோழி தும்முனாக்கூட நம்ம வாசல்லதான வந்து நிப்பாங்க? நான் எந்த ஏரோப்ளேன்ல போறது?"

நான் களித் தட்டை வாங்கிக்கிட்டேன்.

உண்மையைச் சொன்னா, அம்மா சரின்னிருந்தாலும் நான் அறுத்திருக்க மாட்டேன். வைரஸ் எப்படிப் பரவுதுன்னு படம் வரைஞ்சு பாகம் குறிக்கச் சொல்லுங்க, முழு மார்க்கு வாங்குவேன். ஆனா கத்திரிக்கோலை எடுத்துக் கயித்துகிட்ட கொண்டு போனதோட சரி. நகத்தை வெட்டிட்டு வச்சுட்டேன். எடுத்ததுக்கு ஒரு வேலை ஆகணுமில்ல?

மறுநாள் விடியால பாறை ஏறினா, டிங்குன்னு ரிசல்ட்டு. நெகட்டிவ். இறங்கறதுக்குள்ள இன்னொரு டிங். ஈ-பாஸ்! ஸ்டெல்லா மேடம் மேல பேசி வாங்கிட்டாங்க. எத்தனையோ காரியத்துக்கு நடையா நடந்திருக்கறோம், கவர்மென்ட் இவ்வளவு வேகமா வேலை செஞ்சு நான் பாத்ததில்லை. பாருங்க, செய்யக்கூடாத நேரத்துல செஞ்சுருச்சு.

ஏன்னா அந்த டெஸ்ட் ரிசல்ட்டு சுடுசோறு மாதிரி. ஆறினாச் செல்லாது. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள மலை இறங்கினாத்தான் ப்ளைட்டைப் புடிக்க முடியும். விட்டா, அந்த முதியோர் இல்லத்துக்காரங்க மறுபடியும் மரியாதையா எழுதுவாங்க. கடைசி மரியாதை.

பெரியப்பா ஊட்டுக்கு ஓடினேன். எப்பவும் இல்லாத தைரியத்தோட கொஞ்சம் சத்தமா வேற பேசினேன்.

"பெரியப்பா, கவர்மென்ட் போகலாம்னு சொல்லிருச்சுங்க."

"ரொம்பச் சந்தோசம் சாமி. போயிட்டு வா."

"காப்பு இருக்குதுங்களே."

"இருக்குதே."

"அவுத்து விட்டீங்கன்னா..."

"நானா கட்டினேன்? பூசாரியைக் கேளு."

பூசாரி மாமா ஊட்டுக்கு ஓடினேன்.

"கட்டினது என் கைதான் சாமி. கட்டச் சொன்னது ஊரு. ஊர்க்கவுண்டரைக் கேளு."

மறுபடியும் பெரியப்பா. மறுபடியும் பூசாரி மாமா. விசாக்காரங்ககூட என்னை இப்படி அலைய விடலை. அங்கயாவது உக்கார நாற்காலி இருந்துச்சு.

மூணாவது நடைக்கு ரெண்டு பேரையும் கோயில் வாசல்ல ஒண்ணா நிறுத்திட்டேன். நிறுத்தினது நான் இல்லை. எங்கம்மா.

"ஏனுங்க, பையன் பொழைப்பு போகுதுங்க. அம்மன் என்ன புள்ளைங்க பொழைப்பைக் கெடுக்கவா காப்புக் கேட்டுச்சு? ஏதாச்சும் ஒரு வழி சொல்லுங்க."

பூசாரி மாமா கண்ணை மூடி யோசிச்சாரு.

"ஒரு வழி இருக்குது. அதே ஊட்டுல இன்னொரு கைக்கு மாத்திக் கட்டலாம். ஆனா அம்மன் உத்தரவு குடுக்கணும்."

"எப்படிங்க மாமா கேக்கறது?"

"எப்படிக் கேப்பாங்க? ஆட்டைப் புடிச்சுட்டு வா."

எங்க பக்கத்துல அப்படித்தான். ஆட்டை அம்மன் முன்னாடி நிறுத்தி, மஞ்சத்தண்ணி தெளிப்பாங்க. ஆடு உடம்பைச் சிலுப்பினா, உத்தரவு. சிலுப்பலைன்னா இல்லை. வெட்டறதுக்கு முன்னாடிதான் வழக்கமாக் கேப்பாங்க. இது கேள்வி மட்டும்தான், வெட்டு இல்லைன்னு பூசாரி மாமா ஆட்டுக்கும் சேத்துத் தெளிவாச் சொல்லிட்டாரு.

ஆக, அயர்லாந்து சரின்னுருச்சு, டெல்லி சரின்னுருச்சு, கவர்மென்ட் சரின்னுருச்சு. இனி ஆடு சரின்னு சொல்லணும்.

எங்கூட்டுக் கருப்புக் கெடாயைப் புடிச்சுட்டு வந்தேன். நியூஸ் பரவி ஊரே கூடிருச்சு. அந்நேரம் பாத்து மலையேறி வருது எங்கப்பாவோட ஸ்டிக்கர் வண்டி. இறங்கினதும் பழக்கதோசத்துல, "ஜீப்பு கெடைக்கலை சாந்தி"ன்னாரு. வந்ததே சொந்த வண்டில.

அம்மா அவரு பக்கமே திரும்பலை. பூசாரி மாமாகிட்ட மட்டும், "இன்னொரு கை வந்துருச்சுங்க"ன்னாங்க.

விசயம் புரிய அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் மூஞ்சி மாறுச்சு பாருங்க! என்னை ஏரோப்ளேன் ஏத்திவிடச் சென்னை வரைக்கும் வர்றதா ஊர் பூராச் சொல்லி வச்சிருந்தாரு. அது போகட்டும். திருவிழா எப்பன்னு தெரியாது. அதுவரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் ஊட்டுலயா?

"பையனுக்காக எதுவுஞ் செய்வேன்"னு சத்தமாச் சொன்னாரு. சொல்லிக்கிட்டே குடையை விரிச்சு ஆட்டுத் தலைக்கு மேல புடிச்சாரு. "பாவம், வாயில்லாத ஜீவன். நனைஞ்சா சளி புடிக்கும்."

"குடையை எடுங்க"ன்னாங்க அம்மா.

எடுத்துட்டாரு.

பூசாரி மாமா மந்திரம் சொல்லி மஞ்சத்தண்ணியைத் தெளிச்சாரு. எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டோம்.

ஆடு அசை போட்டுச்சு.

மறுபடியும் தெளிச்சாரு. ஆடு என்னைப் பாத்துச்சு. விண்ணப்பத்தை வாங்கி வச்சுட்டு டீ குடிக்கப் போற ஆபீசர் மாதிரி ஒரு பார்வை.

அதையும் குத்தம் சொல்ல முடியாது. மழையில பொறந்து, மழையில வளர்ந்து, மழையில தூங்கற ஆடு. நாலு சொட்டு மஞ்சத்தண்ணியெல்லாம் அதுக்கு ஒரு விசயமா?

"சொம்போட ஊத்துங்க மாமா!"ன்னான் ஒருத்தன்.

ஊத்தினாரு. ஆடு கண்ணை மூடி அனுபவிச்சுது.

"காதுக்குள்ள ஊத்தினாச் சிலுப்பும்!"

"அது உத்தரவு இல்லடா, ஏமாத்து!"ன்னாரு பெரியப்பா.

"வாலை லேசா இழுத்தா?"

"அம்மனைப் போயி வாலை இழுத்துக் கேப்பியா?"

செல்வண்ணன் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு ஹாரன் மேல ஹாரன் அடிக்கறாரு. என் பெட்டி வண்டி மேல கட்டியாச்சு. அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு ஆட்டையே பாக்கறாங்க. அப்பாவும் ஆட்டைத்தான் பாக்கறாரு. ரெண்டு பேர் வேண்டுதலும் ஒண்ணா இருக்க வாய்ப்பே இல்லை.

நான் ஆட்டு முன்னாடி மண்டி போட்டேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கெஞ்சினேன். "சாமி, ஒரே ஒரு தடவை. லேசா. தலையை மட்டும் ஆட்டினாக்கூடப் போதும்."

அது என் சட்டைப் பொத்தானைக் கடிச்சுத் தின்னுச்சு.

அப்பத்தான் ஒரு ஸ்கூட்டி சத்தம். ஸ்டெல்லா மேடம்! பின்னாடியே முதுகுல மருந்து டேங்க்கைக் கட்டிக்கிட்டு, ஊர் ஊராப் பிளீச்சிங் தண்ணி அடிக்கிற அண்ணன். மேடத்தைப் பாத்ததும் தாடைக்குக் கீழ இருந்த துண்டெல்லாம் மூக்குக்கு ஏறிருச்சு. கூட்டம் கிடுகிடுன்னு விலகி, கோலப்புள்ளி மாதிரி நின்னுச்சு.

"என்ன இங்கன கூட்டம்? திருவிழாவா நடத்துதிய?"

"ஐயோ, இல்லீங்க மேடம்"னாரு பெரியப்பா. "ஆடு குளிப்பாட்டறோமுங்க."

"ஒரு ஆட்டைக் குளிப்பாட்ட ஊரே வரணுமா?"

"மலையாடுங்க. கொஞ்சம் முரடு."

முரட்டு ஆடு சிலையாட்டம் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதோட வாய்ல என் பொத்தான்.

மேடம் கண்ணு என் மேல விழுந்துச்சு. "ஏப்பா, நீ இன்னும் கெளம்பலையா? பாஸு வந்துட்டுல்லா?"

"வந்துருச்சுங்க மேடம்."

"பொறவு என்ன?"

"ஆடு இன்னும் உத்தரவு குடுக்கலைங்க."

என் வாழ்க்கையில மொத மொறையா நான் பேசினது எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சு. சரியா அந்த நேரம் பாத்து மேளமும் இல்லை, கொம்பும் இல்லை.

"யாரு குடுக்கல?"

"ஆடுங்க."

மேடம் ஸ்கூட்டி ஸ்டாண்டைப் போட்டாங்க. ஸ்வெட்டர் கையை மடக்கினாங்க. "நேத்து பூரா போன் மேல போன் போட்டு, அந்த ஆபீசு, இந்த ஆபீசுன்னு பேசி வாங்கியிருக்கேன். இதுக்கு மேலயும் ஒரு ஆபீசரு இருக்காருன்னு எனக்கு யாரும் சொல்லலையே!"

பெரியப்பா காப்பு விசயத்தை எடுத்துச் சொன்னாரு. மேடம் கேட்டுக்கிட்டே ஊரைச் சுத்திப் பாத்தாங்க. எல்லாக் கையிலயும் மஞ்சக் கயிறு.

"அப்போ இந்தக் கயிறு கட்டினவங்க ஒருத்தரும் ராத்திரி வெளிய தங்க மாட்டிய?"

"எல்லையைத் தாண்டி ராத்தங்க மாட்டமுங்க."

"மைக்கைக் கட்டி மூணு மாசமாத் தொண்டை கிழியக் கத்துதேன், ஒருத்தன் கேக்கல. ஒரு கயித்துல ஊரே அடங்கிட்டே! எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நானே ஒரு மூட்டைக் கயிறு வாங்கித் தந்திருப்பேம்லா?"

இவங்க பேசிக்கிட்டு இருக்கறப்ப, மருந்து அடிக்கிற அண்ணன் அவரு வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்கு ஆடும் தெரியாது, அயர்லாந்தும் தெரியாது. கோயில் படிக்கு அடிச்சாரு. வேப்ப மரத்துக்கு அடிச்சாரு. அப்படியே வந்து, மரத்துக்குப் பக்கத்துல நின்ன எங்க கெடாய்க்கும் மூஞ்சியோட சேத்து ஒரு அடி.

பிளீச்சிங் வாடை அதுவரைக்கும் எங்க ஆடு மோந்ததில்லை.

கொம்புல ஆரம்பிச்சுது. காது படபடன்னு அடிச்சுது. கழுத்து, முதுகு, தொடை, வால் நுனி வரைக்கும் ஒரு சிலுப்பு! எந்த ஆடும் எந்தக் கோயில்லயும் அப்படிச் சிலுப்பியிருக்காது. இது வரைக்கும் ஊத்தின மொத்த மஞ்சத்தண்ணியும் எங்க மேல. பாதி ஸ்டெல்லா மேடத்தோட மெரூன் ஸ்வெட்டர் மேல.

குலவைச் சத்தம் மலையைப் பொளந்துச்சு. மேளம்! கொம்பு! மேடம் ரெண்டடி பின்னாடி குதிச்சாங்க.

"என்னாச்சு? என்னாச்சு?"

"உத்தரவாயிருச்சுங்க மேடம்!"

"யாரு குடுத்தா?"

பெரியப்பா மருந்து டேங்க்கைப் பாத்தாரு. அம்மனைப் பாத்தாரு. "ரெண்டு பேரும் கலந்து பேசிக் குடுத்துட்டாங்க."

"ஏனுங்க, ஒரு நிமிசம்!" எங்கப்பா முன்னாடி வந்தாரு. "அது மஞ்சத்தண்ணிக்குச் சிலுப்பலைங்க. பிளீச்சிங்குக்குச் சிலுப்புச்சு. அது எப்படிங்க செல்லும்? நியாயத்தைப் பேசணுமில்லீங்களா?"

பெத்த தகப்பன்! எல்லாரும் பூசாரி மாமாவைப் பாத்தோம். அவரு ஆட்டைப் பாத்தாரு.

"இத்தனை வருசத்துல மழை பேஞ்சுக்கிட்டு இருக்கறப்பச் சிலுப்பின ஆட்டுக்கெல்லாம், எது மழைத்தண்ணி எது மஞ்சத்தண்ணின்னு நாம பிரிச்சா பாத்தோம்? தண்ணி தண்ணிதான். கையை நீட்டுங்க மச்சான்."

அப்பா நீட்டலை. அம்மா பக்கத்துல வந்து அவரு சட்டைக் கையைப் பொறுமையா, மடிப்பு மடிப்பா, முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டாங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அப்படி மடிச்சு விட்டிருக்க மாட்டாங்க.

என் கையிலேர்ந்து அவுத்தாங்க. அவரு கையில கட்டினாங்க. அப்பறம் யாரும் என்னை நிக்க விடலை. தள்ளி ஜீப்புல ஏத்தினாங்க. மேடம் ஸ்வெட்டரைப் புழிஞ்சுக்கிட்டே, "ஓடுப்பா, இனிமே கோழிகிட்ட கேக்கணும், மாடுகிட்ட கேக்கணும்னு யாராவது சொல்லிரப் போறாக!"ன்னு கத்தினாங்க.

அம்மாகிட்ட 'போயிட்டு வாரேம்மா'ன்னு சொன்னேன். கேட்டுச்சோ என்னவோ. அழுதுக்கிட்டே தலையாட்டினாங்க. அப்பா எல்லைக்கல் வரைக்கும் ஜீப்புக்குப் பின்னாடியே நடந்து வந்தாரு. கல்லுகிட்ட வந்ததும் நின்னுட்டாரு. பகல்தான், தாண்டியிருக்கலாம். தாண்டலை. வளைவு திரும்பற வரைக்கும் அந்தக் காப்புக் கட்டின கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்குத்தான் கண்ணு மறைச்சுது. பிளீச்சிங் எரிச்சல்னு செல்வண்ணன்கிட்டச் சொன்னேன்.

ப்ளைட்டைப் புடிச்சுட்டேன். வேலையில சேந்துட்டேன். இங்க மழை, குளிர், பச்சைப் புல், ஆடு. ஸ்டெல்லா மேடம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் தேடிட்டு இருக்கறேன்.

திருவிழாவுக்குத் தடை அந்த வருசமும் நீங்கலை. அடுத்த வருசம் இன்னொரு அலை வந்து, அப்பவும் நீங்கலை. அத்தனை நாளும் எங்கப்பா பொழுது விழறதுக்கு முன்னாடி ஊட்டுல ஆஜர். போன் பண்ணினா பாறை மேல ரெண்டு பேரும் சேந்தே உக்காந்திருப்பாங்க.

"ஏங் கண்ணு, நீ ஆஸ்பத்திரி வேலை பாக்கறவன். இந்தக் கருமம் எப்பத்தான் போகுமாம்?"ன்னு அப்பா கேப்பாரு.

"அவனுக்கு ஆயிரம் வேலை. அதெல்லாம் மெதுவாப் போகட்டும்"பாங்க அம்மா. பின்னாடி பொரிகடலை மெல்லற சத்தம் கேக்கும்.

அந்த ஆட்டோட ஒரே ஒரு சிலுப்புல எனக்கு அயர்லாந்து கெடைச்சுது. எங்கம்மாவுக்கு எங்கப்பா கெடைச்சாரு.